அளந்து வைத்த நாசி

மீன் சந்தையில் பால்சுறா வாங்கினால், தோலுரித்துத் துண்டு போடக் கொடுப்பதற்கு முன் அதை ஒரு நிமிடம் மல்லாத்திப் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்து கொடுக்கும் அவசரத்தில் அந்த முகத்தை நாம் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வாய்க்கு முன்னால், நீண்ட மூஞ்சியின் அடிப்பக்கம், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு கீறல்கள் தெரியும். கத்தி பட்டுவிட்டதோ என்று தோன்றும். கீறலின் விளிம்பில் சின்னஞ்சிறு தோல் மடல் ஒன்று இருக்கும். அதை நகத்தால் மெல்லத் தூக்கினால், ஒரே துளை இரண்டு வாசல்களாகப் பிரிந்திருப்பது புரியும். ஒன்றின் வழியே கடல்நீர் உள்ளே போகிறது. மற்றொன்றின் வழியே வெளியே வருகிறது. அங்கிருந்து தொண்டைக்கு வழி கிடையாது. சுறா மூச்சு விடுவது செவுள்களால். மூக்கு அதற்கு மோப்பம் பிடிக்க மட்டுமே.

உள்ளே இருப்பதைத்தான் கண்டு கைகூப்ப வேண்டும். சிறு பை போன்ற ஓர் அறை. அதற்குள் மெல்லிய தகடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் மேலும் இன்னும் நுண்ணிய மடிப்புகள். இடம் சிறிது, ஆனால் மடிப்பு மேல் மடிப்பாக வைத்ததில் நீர் தொட்டுச் செல்லும் பரப்பு பெரிதாகிவிடுகிறது. அந்தப் பரப்பெங்கும் முகரும் உயிரணுக்கள் பதிந்திருக்கின்றன. அறையை ஒட்டியே மூளையின் முகர்ச்சிக் குமிழ் வந்து நிற்கிறது. அங்கிருந்து ஒரு காம்பு பின்னோக்கி மூளையின் மற்றப் பகுதிக்குப் போகிறது. முகர வேண்டியதை முகரும் இடத்துக்கே மூளை தன் வாசலை நகர்த்தி வைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்த அறைக்குள் நீரை இழுத்துத் தள்ளத் தனியாக ஓர் இயந்திரம் வேண்டாமா? வேண்டாம். சுறா நீந்தினாலே போதும். முன்னோக்கிப் போகும் வேகத்தில் நீர் தானாக உள்ளே நுழைந்து, தகடுகளுக்கு இடையே வடிந்து, மடலுக்கு அடியில் வெளியேறிவிடுகிறது. கடலடியில் பெரும்பாலும் படுத்தே கிடக்கும் செவிலிச் சுறாவுக்கு இந்த வசதி இல்லை. அதன் நாசியிலிருந்து வாய்வரை ஒரு பள்ளம் வெட்டினாற்போல ஓடுகிறது. அது மூச்சுக்காக வாயால் நீரை உறிஞ்சும்போது நாசிக்குள்ளும் நீர் ஓடும். நீந்துகிறவனுக்கு ஒரு வழி, கிடக்கிறவனுக்கு இன்னொரு வழி. இரண்டையும் யோசித்துச் செய்தவன் ஒருவனே.

சுறாவின் மூக்கைப் பற்றிச் சிறுவயதிலிருந்து நாம் கேட்டு வந்தது வேறு. ஒரு துளி ரத்தம் கடலில் விழுந்தால் மைல் கணக்கில் தள்ளியிருக்கும் சுறா அந்தக் கணமே முகர்ந்து பாய்ந்து வரும் என்பார்கள். அது நடக்காது. மணம் ஒலியைப் போல நீரில் பாய்ந்து வருவதில்லை; நீரே அதைச் சுமந்து வந்தால்தான் உண்டு. அசைவே இல்லாத நீரில், மணத்தைத் தரும் ஓர் அமினோ அமில மூலக்கூறு தானாகப் பரவி ஒரு மீட்டர் நகர ஆண்டுக்கணக்கில் ஆகும். நீரோட்டம்தான் மணத்துக்குக் கால். ஓட்டம் போகாத திசையில் எத்தனை பெரிய சுறா இருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது.

மூக்கின் கூர்மையையும் அளந்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் டிரிஷியா மெரிடித், ஸ்டீஃபன் கஜியூரா ஆகிய இருவரும் சுறா, திருக்கை இனங்களில் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றின் நாசியிலும் அமினோ அமிலக் கரைசல்களை ஓடவிட்டு, நாசிப் பரப்பில் எழும் மின் அதிர்வைப் பதிவு செய்தார்கள். மிக நுண்மையாக உணர்ந்த இடத்தில், எடைக்கு எடை பார்த்தால், ஏறக்குறைய ஆயிரம் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு. கேட்கப் பெரிதுதான். ஆனால் சாதாரண எலும்பு மீன்களின் மூக்கும் ஏறத்தாழ இதே அளவுக்கு உணரக்கூடியது. தகடுகளின் பரப்பு பெரிதாக இருந்த இனத்துக்குக் கூர்மை கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் அதுவும் இல்லை.

இதைப் படித்துச் சிலருக்கு ஏமாற்றம் வரலாம். எனக்கு வந்தது வணக்கம். ஏனென்றால் கடல்நீர் வெறும் உப்புநீர் அன்று. செத்தவை, வாழ்பவை, கழிவுகள் எல்லாவற்றிலிருந்தும் கசிந்த அமினோ அமிலங்கள் அதில் எந்நேரமும் கரைந்தே இருக்கின்றன. அப்படிச் சாதாரணமாகக் கரைந்திருக்கும் அளவும், சுறாவின் மூக்கு உணரத் தொடங்கும் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த மூக்கு இன்னும் நூறு மடங்கு கூர்மையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடல் முழுவதும் அதற்கு இரை மணமாகவே வீசியிருக்கும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் வாழ்நாளெல்லாம் அலைந்திருக்கும். குறைவாக இருந்திருந்தால் பட்டினி கிடந்திருக்கும். கடலின் அடிமட்ட இரைச்சல் எங்கே முடிகிறதோ அங்கேயே இந்த மூக்கின் கேள்வி தொடங்குகிறது. படைத்தவனைப் புகழ நமக்கு மைல் கணக்குக் கதைகள் தேவையில்லை. இந்த அளவு ஒன்றே போதும்.

சரி, மணம் வந்து சேர்ந்துவிட்டது. இரை எந்தப் பக்கம்? கடினமான பகுதி இதுதான்.

பூஜையறையில் ஏற்றிய ஊதுபத்தியின் புகையைக் கவனித்தால் சுறாவின் சிக்கல் புரியும். திரியின் அருகில் ஒரே இழையாக எழும் புகை, ஒரு சாண் உயரம் போனதும் சுருளும், பிரியும், திட்டுத்திட்டாக மிதக்கும். நடுவே புகையே இல்லாத இடைவெளிகள் விழும். கடலில் அடிபட்ட நண்டிலிருந்து வரும் மணமும் அப்படித்தான் சிதறுகிறது. இரைக்கு வெகு தொலைவில் கலையாமல் வந்த ஒரு திட்டு அடர்த்தியாக இருக்கலாம். இரைக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் மணமற்றுக் கிடக்கலாம். ஆகவே 'எங்கே மணம் அதிகமோ அங்கே போ' என்ற எளிய விதி இங்கே உதவாது. வழி காட்டுவதாக நம்பிப் போனால் அது வழி தவறவும் வைக்கும்.

இந்தப் புதிரை மனிதர் தொட்டுப் பார்த்த வரலாறு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், வுட்ஸ் ஹோல் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே கரையோரம் ஸ்மூத் டாக்ஃபிஷ் என்றொரு சுறா திரியும். சாம்பல் நிறம், ஆள் உயரத்துக்குக்கூட வளராதது பெரும்பாலும், மனிதருக்குத் தீங்கு செய்யாது. பற்கள் கிழிக்கும் பற்கள் அல்ல, நண்டின் ஓட்டை நொறுக்கும் தட்டையான பற்கள். 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரால்ஃப் ஷெல்டன் என்ற ஆய்வாளர் நண்டைத் துணியில் பொதிந்து இந்தச் சுறாக்கள் இருந்த நீரில் போட்டார். கண்ணால் காண முடியாத நண்டை அவை தேடி வந்து, பொதியைக் கவ்வி உலுக்கின. இரு நாசிகளிலும் பஞ்சு அடைத்து விட்டார். அதே பொதியின் மேலேயே நீந்திக் கடந்து போயின. பஞ்சை எடுத்தார்; மறுபடி கண்டுபிடித்தன. ஒரு நாசியை மட்டும் அடைத்தபோதும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டன.

அந்த 'எப்படியோ' என்ற இடத்தில் ஹார்வர்டின் ஜார்ஜ் ஹோவர்ட் பார்க்கர் நின்று கவனித்தார். அவர் 1914இல் எழுதியது இது: ஒரு நாசி அடைக்கப்பட்ட சுறா, மணம் பட்டதும் திறந்திருக்கும் நாசியின் பக்கமாகவே திரும்பித் திரும்பி வட்டமிட்டது. அப்படியானால் சுறா இரு நாசிகளையும் ஒப்பிட்டுத்தான் திரும்புகிறது. எதை ஒப்பிடுகிறது? எந்த நாசியில் மணம் வலுவாக இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்புகிறது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கேட்டதும் ஒத்துக்கொள்ளத் தோன்றும் விளக்கம். கிட்டத்தட்ட நூறு ஆண்டு அதுவே பாடமாக இருந்தது.

2010இல் ஜெய்ன் கார்டினர் என்ற பெண்மணியும் யெல்லெ ஆட்டெமா என்ற மூத்த ஆய்வாளரும் அதே இனச் சுறாவைக் கொண்டே அந்தப் பாடத்தைச் சோதித்தார்கள். சுறாவின் தலையில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அதிலிருந்து இரு மெல்லிய குழாய்களை இரு நாசிகளுக்கும் கொண்டு வந்தார்கள். குழாய் வழியே கணவாயைக் கழுவிய நீர் துளித்துளியாக வரும். எந்த நாசிக்கு எப்போது, எவ்வளவு அடர்த்தியாக அனுப்புவது என்பது ஆய்வாளர் கையில். சுறா தொட்டியில் தன்போக்கில் நீந்திக்கொண்டிருக்கும்.

இரு நாசிகளுக்கும் ஒரே நேரத்தில் மணம் சென்றால் சுறா இடமும் திரும்பியது, வலமும் திரும்பியது. பக்கம் என்று ஒன்று இல்லை. இடது நாசிக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முன்னதாக மணம் சென்றால் இடப்பக்கம் திரும்பியது. அரை நொடி வரையிலான இடைவெளிகளிலும் அப்படியே. ஒரு முழு நொடி இடைவெளி விட்டபோது அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. பிறகு அவர்கள் செய்ததுதான் நூறாண்டுப் பாடத்தை மாற்றியது: முதலில் போகும் மணத்தை நீர்க்கவைத்து, பிந்திப் போகும் மணத்தை அடர்த்தியாக்கினார்கள். பழைய விளக்கம் சரியென்றால் சுறா அடர்த்தியான பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. முந்தி வந்த பக்கமே திரும்பியது.

அது வலிமையை அளக்கவில்லை, காலத்தை அளக்கிறது. சிதறி மிதக்கும் மணத்திட்டு ஒன்றுக்குள் சுறா சாய்வாக நுழையும்போது, எந்தப் பக்கம் திட்டு இருக்கிறதோ அந்தப் பக்க நாசி முதலில் நனையும். திட்டு அடர்த்தியா நீர்த்ததா என்பது நீரின் சுழிப்புக்கு ஏற்ப மாறும். அதை நம்ப முடியாது. எது முதலில் தொட்டது என்பது மட்டும் பொய் சொல்லாது. நம்பத்தகாததை விட்டு நம்பத்தக்க ஒன்றைப் பற்றிக்கொள்ளும் இந்தத் தெளிவு, பட்டாணி அளவு யோசனைகூட இல்லாதது என்று நாம் நினைத்திருந்த உயிருக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. நம் காதுகளும் ஒலி வரும் திசையை இப்படித்தான் அறிகின்றன. அங்கே இடைவெளி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவு. மணத்துக்கும் இதே முறையா என்று எண்ணும்போது, இரண்டு கருவிகளிலும் ஒரே கைரேகை பதிந்திருப்பதைக் காண்கிறேன்.

இதை அறிந்த பிறகு கொம்பன் சுறாவைப் பார்த்தால் அந்த விநோதத் தலை வேறு விதமாகத் தெரிகிறது. இரு புறமும் சிறகு விரித்தாற்போல் அகன்ற தலை. அதன் இரு கோடிகளிலும் கண்கள். கண்ணுக்குப் பக்கத்தில் முன்விளிம்பில் நாசிகள். நாசிகளுக்கு இடையே தூரம் கூடக்கூட, மணம் இரண்டையும் தொடும் நேர இடைவெளியும் கூடும். அதாவது மிகச் சிறிய சாய்வில் வந்த மணத்தையும் இடமா வலமா என்று பிரித்தறிய முடியும். இதற்கும் மேலாக, முன்விளிம்பில் நாசியை நோக்கி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தலையின் முன்னே வந்து மோதும் நீரை அது திரட்டி நாசிக்குள் கொண்டு சேர்க்கிறது. அந்தத் தலைக்கு வேறு பயன்களும் உண்டு, பார்வைக்கும் மண்ணுக்கடியில் பதுங்கிய திருக்கையின் மின்துடிப்பை உணர்வதற்கும். ஆனால் மூக்கின் பங்கு ஒன்றே அதைக் கண்டு வியக்கப் போதுமானது. வலையில் மாட்டினால் மற்றச் சுறாக்களைவிட வெகு சீக்கிரம் செத்துவிடும் உயிர் இது. பெருங்கொம்பன் இன்று அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இத்தனை நுட்பமாகச் செதுக்கியதைச் செட்டைக்காக அறுத்துக் கடலில் எறியும் கையை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

மூக்கு தனியாக வேலை செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே கார்டினரும் ஆட்டெமாவும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஓடும் நீரில் கணவாய் மணத்தைக் கசியவிட்டு, சற்றுக் கீழே ஒரு செங்கல்லை வைத்தார்கள். செங்கல்லில் மோதி நீர் சுழிக்கும். சுறாக்கள் வெறுமே மணம் கசிந்த இடத்தைவிட, மணமும் சுழிப்பும் சேர்ந்த செங்கல்லையே நாடின. உடலின் இரு பக்கமும் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக்கோட்டு உணர்வுதான் நீரின் சுழிப்பை அறிவது. மருந்தால் அதை மரக்கச் செய்து, இருட்டில் விட்டபோது இடத்தைத் துல்லியமாகக் காண முடியாமல் தடுமாறின. மணம் 'என்ன' என்று சொல்கிறது. சுழிப்பு 'இதோ' என்று காட்டுகிறது.

எல்லாச் சுறாவுக்கும் ஒரே வழக்கமும் இல்லை. பஹாமாஸ் தீவுகளின் பிமினியில் இருந்த ஆய்வு நிலையத்தில் ஹாட்சன், மேத்யூசன் என்ற இருவர் 1971இல் கண்டது: எலுமிச்சைச் சுறா மணம் பட்டதும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தொடங்குகிறது, மணம் வந்த புள்ளி எங்கே என்று பார்க்காமல். செவிலிச் சுறாவோ தலையை இடமும் வலமும் ஆட்டி மணத்தின் தடத்தையே பிடித்துப் போகிறது. பின்னாளில் ஃப்ளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் ஒவ்வொரு புலனாக அடைத்துப் பார்த்தபோதும் இந்த வேறுபாடு தெரிந்தது. நாசி அடைபட்ட கருநுனிச் சுறா, இரை கண்ணில் பட்டால் பாய்ந்துவிட்டது. நாசி அடைபட்ட செவிலிச் சுறா, இரை எதிரிலேயே இருந்தும் உண்ண முனையவில்லை. இரவில் பாறை இடுக்கில் தேடித் தின்னும் அதற்கு, மணம் சொல்லாத உணவு உணவே அன்று.

அதே நாசி இரைக்கு மட்டுமன்றி ஆபத்துக்கும் திறந்திருக்கிறது. அழுகிய சுறா கிடக்கும் பக்கம் மற்றச் சுறாக்கள் வருவதில்லை என்று மீனவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கிக் கடலில் தத்தளிக்கும் வீரர்களைக் காக்க, அமெரிக்கர்கள் இந்த எண்ணத்தைப் பின்பற்றித் தாமிர அசிடேட்டும் கருஞ்சாயமும் கலந்த ஒரு கட்டியைச் செய்தார்கள். அது பெரிதாகப் பலன் தரவில்லை. மீனவர் சொல் மட்டும் பொய்க்கவில்லை. எரிக் ஸ்ட்ரௌடும் அவருடைய குழுவினரும் அழுகிய சுறாத் தசையிலிருந்து வடித்த சாற்றை, இரை தின்றுகொண்டிருந்த கரீபியன் பவளப்பாறைச் சுறாக்களின் நடுவே கடலில் பீய்ச்சினார்கள். வெறியோடு தின்றுகொண்டிருந்தவை சிறிது நேரத்தில் இடத்தைக் காலி செய்தன. கூட இருந்த மற்ற மீன்கள் எப்போதும்போல் மேய்ந்துகொண்டிருந்தன. 2014இல் இந்த முடிவு வெளிவந்தது. தன் இனத்தின் சாவு மணத்தை அறியவும், பசியைவிட அதற்கு மதிப்புக் கொடுக்கவும் அந்த உயிருக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கலிஃபோர்னியாவின் லா ஹோயா கரையில் நடந்த ஒரு சோதனை மூக்கின் இன்னொரு பணியைக் காட்டுகிறது. அங்கே கரையோரம் சிறுத்தைச் சுறாக்கள் கூட்டமாக வாழும். ஆண்ட்ரூ நோசல் என்பவரின் குழு அவற்றில் சிலவற்றைப் பிடித்து, மூடிய தொட்டியில் வைத்து, கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி ஆழ்கடலில் கொண்டுபோய் விட்டது. சிலவற்றுக்கு நாசியில் பஞ்சு, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொன்றின் உடலிலும் ஒலி எழுப்பும் சிறு கருவி. படகு பின்னாலேயே போய்க் கேட்டுக்கொண்டு வந்தது. நாசி திறந்திருந்தவை, முதலில் தவறான திசையில் கிளம்பியவைகூட, சற்று நேரத்தில் திரும்பி, ஏறக்குறைய நேர்கோட்டில் கரையை நோக்கி நீந்தின. சுமார் 4 மணி நேரத்தில், சராசரியாகக் கரைக்கான தூரத்தில் 62.6 விழுக்காட்டைக் குறைத்திருந்தன. நாசி அடைபட்டவை வளைந்து வளைந்து அலைந்து, 37.2 விழுக்காடு மட்டுமே நெருங்கின. கரைக்கு அருகே கடல்நீரின் வேதிச் சேர்க்கை வேறு. திறந்த கடலில் வேறு. அந்த வேறுபாட்டைக் கொண்டு, கண்ணுக்குக் கரையே தெரியாத நீலத்தின் நடுவில், இவை ஊர் எந்தப் பக்கம் என்று அறிவதாகக் கருதுகிறார்கள். அடைபட்டவையும் ஓரளவு கரைப் பக்கமே நகர்ந்தன என்பது என்னை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. ஒரு வாசல் அடைபட்டபோதும் மற்றப் புலன்கள் அவற்றைக் கைவிட்டுவிடவில்லை.

சுறாக்களின் குலம் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. நிலத்தில் நாலுகால் உயிர் நடமாடத் தொடங்குவதற்கு முன்பே கடலில் சுறாக்கள் இருந்தன. அத்தனை காலமாக இந்தப் பரிசு தாயிடமிருந்து குட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. வுட்ஸ் ஹோல் கடலின் அந்த ஸ்மூத் டாக்ஃபிஷ் குட்டியைச் சுமக்கும் காலம் 10 மாதத்துக்கும் மேல். ஏறக்குறைய நம் வீட்டுப் பெண்களைப் போலவே. வயிற்றுக்குள் தாயோடு இணைந்த ஒரு கொடி வழியே குட்டி வளர்கிறது. பிறக்கும்போது அது ஓரடி நீளம் இருக்கும். பிறந்த பின் தாய் அதைப் பார்ப்பதில்லை. ஊட்டுவதில்லை, காப்பதில்லை, நண்டு எங்கே இருக்கும் என்று காட்டுவதுமில்லை. குட்டி தானே போய்த் தேட வேண்டும். மூஞ்சியின் அடியில், விரல் அகல இடைவெளிகூட இல்லாமல், தகடுகள் அடுக்கிய இரு நாசிகள் அதற்குள் தயாராக இருக்கின்றன. அது நீந்தத் தொடங்கியதும் நீர் அவற்றுக்குள் ஓடத் தொடங்குகிறது.